ஒரே அட்டவணை, இரண்டு உரை

குரங்கணி ஏலத்தோட்டத்துச் சனங்கள் ஓட்டுப்போடுவது போடி தொகுதியில். அவர்கள் அனுப்பிய ஓ. பன்னீர்செல்வம் 2017 பிப்ரவரி 18ல் இன்னும் பத்துப் பேரோடு தம் கட்சி அரசை எதிர்த்தே சட்டசபையில் வாக்களித்தார். ஆகஸ்ட் 21ல் அதே அரசில் துணை முதல்வர். மறுநாள் பக்கத்து ஆண்டிபட்டியின் தங்க தமிழ்ச்செல்வனும் கூட்டாளிகளும் முதல்வர்மேல் நம்பிக்கையில்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தார்கள். வெறும் கடிதம். செப்டம்பரில் அவர்களில் 18 பேருக்குப் பதவி போயிற்று. கட்சித்தாவலைத் தடுக்க 1985ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணைக்குச் சபாநாயகர் எழுதிய உரை இது.

பதினொருவரை நீக்கக் கோரி நீதிமன்றம் போன தி.மு.க.வின் உரை மட்டும் யோக்கியமா? 1976ல் 356க்குப் பலியான கட்சி, 1980ல் எம்.ஜி.ஆர். ஆட்சியை இந்திரா அதே 356ஆல் கலைத்தபோது அவருக்குக் கூட்டாளி. 1991ல் கத்தி மறுபடி அதன் கழுத்துக்கு வந்தது. கலைக்கச் சொன்னது அ.தி.மு.க.

ஒரு பாடபேதத்துக்காக மூன்று இதழ் சண்டை போடும் நம் விமர்சகர்கள், இந்தப் பிரதியை மட்டும் 'அரசியல்' என்று ஒதுக்கிவிடுவது எனக்கு அருவருப்பாயிருக்கிறது. திரித்து வாசிப்பது இங்கே தொழிலாகவே நடக்கிறது.

2020ல் உச்ச நீதிமன்றம் பதினொருவர் விவகாரத்தைச் சபாநாயகரிடமே விட்டது. 2021ல் சபையின் ஆயுள் முடிந்தது.