எங்கள் காதல் கதைகளை நாங்களே அச்சிடுவோம்

மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் க. வெங்கடரத்தினத்தின் நூலுக்கு ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ என்று பெயர். வெளிவந்த ஆண்டு 1917. தலைப்பிலேயே காதலை ஏந்திக்கொண்டுதான் இம்மண்ணில் தமிழ் நாவல் பிறந்தது. நூறாண்டு கழித்தும், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாசகி காதல் நாவல் கேட்டால் கைக்கு வருவது தமிழ்நாட்டு எழுத்தாளர் ரமணிசந்திரனின் நூல்தான். அவர்மேல் எங்களுக்குப் பெருமதிப்பு உண்டு. எங்கள் அம்மாக்களைத் தமிழில் படிக்க வைத்தவர் அவர். ஆனால் கிள்ளான் கொமுட்டர் ரயிலில் தினமும் எதிரெதிரே உட்காரும் இருவரை, இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் திரும்பும் பெண்ணை, சாதியைச் சொல்லி இரு வீடும் கதவடைக்கத் திருமணப் பதிவுக்குத் தனியே போகும் காதலரை நாங்கள்தான் எழுத வேண்டும். அதற்காகவே, காதல் நாவல்களை எழுதி நாங்களே அச்சிடும் இந்த இயக்கம்.

காதல் நாவல் தாழ்ந்த எழுத்து என்ற பேச்சை ஏற்க மறுக்கிறோம். பவுசியா அஷாரியின் ‘ஓம்பாக் ரிண்டு’ என்ற மலாய்க் காதல் நாவல் 2011இல் திரைப்படமாகி வசூலை அள்ளியது. பக்கத்து வீட்டில் நடப்பது நம் வீட்டில் ஏன் நடக்கக்கூடாது?

இங்கே நூல் வெளியீடு எப்படி நடக்கிறது என்பது எல்லாரும் அறிந்ததே. எழுத்தாளர் கைக்காசைப் போட்டுச் சில நூறு பிரதி அச்சடிப்பார். மண்டபம், மாலை, பொன்னாடை, தலைமை தாங்க ஒரு பிரமுகர். அவர் முதல் நூலைப் பெற்றுப் பண உறையைக் கொடுப்பார். மற்றவர்களும் வரிசையில் நின்று கொடுப்பார்கள். கல்யாண மொய்யைப் போல, இன்று வாங்கியதை நாளை அவர்கள் வெளியீட்டில் திருப்பிச் செய்ய வேண்டும். இந்த முறை பல நூல்களைக் காப்பாற்றியிருக்கிறது. கொடுத்த கைகளுக்கு நன்றி. ஆனால் நாங்கள் எழுத விரும்பும், பல பாகங்களாக வரும் தொடர் நாவலுக்கு இது உதவாது. ஐந்து பாகத்துக்கு ஐந்து முறை பிரமுகரை அழைக்க முடியுமா? இரண்டாம் பாகத்தை வாங்கப்போகிறவள், முதல் பாகத்தைக் கண்விழித்துப் படித்து முடித்தவள்தான். அவள் மண்டபத்துக்கு வருவதில்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றபோது, அவளைப் போன்றவர்களை எட்டும் வழிகளில் ஒன்று அடைபட்டது. இனி அவளிடம் நாமே போக வேண்டும்.

ஆகவே, மூன்று பாகங்களாவது எழுதி முடிக்காமல் முதல் பாகத்தை அச்சுக்குக் கொடுக்கமாட்டோம். பாதியில் நின்ற தொடரால் ஏமாந்த வாசகி அடுத்த எழுத்தாளரையும் நம்பமாட்டாள். கைப்பிரதிகளை எங்களுக்குள் மாற்றிப் படித்து, தயவு பார்க்காமல் வெட்டுவோம். தேசிய நூலகம் கட்டணமின்றித் தரும் ஐஎஸ்பிஎன் எண்ணைப் பெறுவோம். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைப்போம். விற்றாலும் விற்காவிட்டாலும் நம் கதை இந்நாட்டின் ஏட்டில் இருக்கும். புலனத்தில் (வாட்ஸ்அப்) முன்பதிவு, டுயிட்நவ் வழி பணம், அஞ்சலில் நூல். முன்பதிவைப் பார்த்தே அச்சு எண்ணிக்கை. ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் அடுத்ததன் முதல் அத்தியாயம் இருக்கும். வெளியூர் வாசகருக்குக் கிண்டில் மின்னூல்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நூல் விற்க மேசை போடுவோம். ஒருவர் மேசையில் மற்றவர் நூலும் இருக்கும். காசு கொடுத்துப் பாராட்டு வாங்கமாட்டோம். இலவசப் பிரதி, படித்துவிட்டு நாலு வரி எழுதுபவருக்கே.

நோட்டுப்புத்தகத்தில் காதல் கதை எழுதி அலமாரியில் மறைத்து வைத்திருப்பவர்களே, அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். வாசகர்களே, முழு விலை கொடுத்து வாங்குங்கள். பிடிக்காவிட்டால் ஏன் என்று எங்களுக்கு எழுதுங்கள்.