குடம் நாஞ்சிலில், பெயர் மட்டும் ஆங்கிலத்திலா?

1954-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 11-ஆம் நாள். தமிழ் வழங்கும் நிலம் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று கிளர்ந்தெழுந்த தென்திருவிதாங்கூர்த் தமிழர்மீது, புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் காவற்படை சுட்டது. அவர் சிந்திய குருதியால் 1956 நவம்பர் முதல் நாளில் குமரி மாவட்டம் தாய்நிலத்தோடு இணைந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல், அதே ஆகத்து 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்சுப் பகுதியில் அடுக்ககம் ஒன்றின் பொதுக்கூடத்தில் ஒரு கொண்டாட்டம் நடந்தது. கூல் எர்க் என்னும் கறுப்பின இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை, ஒரே தட்டின் இரு படிகளைக் கொண்டு மாற்றி மாற்றி நீட்டுவது அவர் கண்ட முறை. அத் தாளத்தின்மேல் பேச்சு ஏறியது, பேச்சு பாட்டாயிற்று. இப்பாப்பு என்று உலகம் இன்று அழைப்பதன் பிறப்பு இதுவே. இரு நாள்களும் ஒத்தது தற்செயல்தான். ஆயினும், தன் தெருப்பேச்சைக் கொச்சை என்று இகழ்ந்த உலகின் முன், அப்பேச்சையே கலையாக்கி நிறுத்திய கறுப்பினத்தானிடம் தமிழ் இளைஞன் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அவன் கற்றதோ அவன் தொப்பியையும் ஆங்கிலப் பட்டப்பெயரையும்!

இக்கலையில் பாடுவோன் முகம் எல்லார்க்கும் தெரியும்; தாளம் அமைக்கும் இசையாக்குநன் முகம் தெரியாது. டெட்ராய்ட்டு நகரின் சேம்சு யான்சி அத்தகையவர். வீட்டின் நிலவறையில் அமர்ந்து, பழைய தட்டுகளிலிருந்து ஒலித்துணுக்குகளை எடுத்துக் கோத்தார். தாளத்தைத் தானே நேராக்கித் தரும் ஏற்பாடு அவர் பொறியில் இருந்தது. அதை விலக்கி விரலால் தட்டினார். கையின் சிறு தயக்கமும் முந்தலும் அப்படியே ஒலித்தன. தம் 32-ஆம் பிறந்தநாளில் ஒரு தொகுப்பை வெளியிட்டு, மூன்றாம் நாள், 2006 பிப்பிரவரி 10 அன்று, இறந்தார். அவர் தட்டிய பொறி இன்று வாசிங்டனில் கறுப்பினத்தாரின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டுக் குடமடிப்பாளனின் குடம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

வில்லுப்பாட்டில் இல்லாதது எது? வீசுகோல் பட்டு நாண் அதிர்கிறது, மணிகள் குலுங்குகின்றன, உடுக்கும் தாளமும் கட்டையும் ஒலிக்கின்றன. நடுவே, வில்லோடு பிணைத்த மண்குடத்தின் வாயைப் பத்தியால் அறைந்து, வயிற்றை அதிரச் செய்யும் ஆழ்ந்த ஓசையை ஒருவன் எழுப்புகிறான். புலவர் பாட்டிலிருந்து பேச்சுக்கும் பேச்சிலிருந்து பாட்டுக்கும் தாவுகிறார். பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடுகிறார். சுடலைமாடன் கொடையில் இரவு முழுதும் தளராது நடக்கும் இது தாளத்தின்மேல் ஏறிய பேச்சன்றி வேறென்ன? ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எசு. கிருட்டிணன் இவ்வில்லிலிருந்துதான் மேடைக்கும் திரைக்கும் சென்றார். ஊரூராய் வில்லடித்த பூங்கனி அம்மையாரோ முதுமையில் வறுமையுற்று, 2018-இல் கொட்டாரத்தில் மறைந்தார். அமெரிக்க இளைஞனின் பொறிக்குக் கண்ணாடிப் பேழை. வில்லிசைக்கு வாழ்வு தந்தவர்க்கு வறுமை!

கடல் கடந்த தமிழர் ஒருவரின் வாழ்க்கை இங்கே எண்ணத்தக்கது. கோலாலம்பூரின் யோகேசுவரன் வீரசிங்கம், யோகி பி என்னும் பெயரால் அறியப்பட்டவர், பாடகர், இசையாக்குநர். அவர் முன்னின்ற குழு 1998-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆங்கிலமே தலைமை வகித்தது. தமிழுக்கு மூலையில் ஓரிடம். 2006-இல் இரு தோழரோடு 'வல்லவன்' தொகுப்பைத் தமிழில் கொணர்ந்தார். 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராசா அமைத்த 'மடை திறந்து' அதில் புதுத் தாளம் பெற்றது. அதன்பின்னரே தமிழகம் அவரைத் தேடிற்று. 2007-இல் 'பொல்லாதவன்', 2018-இல் 'காலா' எனத் திரைப்படங்கள் அழைத்தன. ஆங்கிலம் தராத இடத்தைத் தமிழ் தந்தது. (அக்குழுவுக்கு 'நட்சத்திரா' என்று பெயரிட்டதை மட்டும் பொறுக்கவியலாது. விண்மீன் என்னும் சொல் எங்கே போயிற்று?)

பெயர்க் கேடு அவரோடு நிற்கவில்லை. இளைஞர் இருவர் 'தமிழா' என்று விளித்தனர். விளிக்கு முன்னே 'இப்பாப்பு' என்று ஒட்டினர். சொல்லிசை என்னும் அழகிய சொல் வழங்கும்போது இவ் ஒட்டு எதற்கு? 2018-இல் சென்னையில் மேடையேறிய குழு, சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்தே தன் பெயரைப் பெற்றது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சூடிக்கொண்டது! பண்டிதர் நடத்திய இதழின் பெயர் 'தமிழன்' என்பதையேனும் நினைத்திருக்கலாம். அவர்தம் பாட்டின் சீற்றம் மெய்யானது, அது பழிக்கத்தக்கதன்று. அதனாற்றான் பெயர் உறுத்துகிறது.

'பெயரில் என்ன, உலகம் அறிய வேண்டாவா?' என்பர். உலகம் அறிந்தே இருக்கிறது. ஈழத்தமிழ் மகள் மாதங்கி அருட்பிரகாசம் 2007-இல் 'கலா' என்று தாயின் பெயரிட்ட தொகுப்பில் உறுமியை முழங்கச் செய்தார். 'தளபதி' படப்பாட்டின் துணுக்கையும் எடுத்தாண்டார். 2003-இல் அமெரிக்கக் குழுவொன்று இளையராசாவின் இசையை எடுத்துக்கொண்டது. வெளியார் தமிழ்த் தாளத்தைத் தேடி வருகையில், தமிழன் அயலான் விற்கும் ஒலித்துணுக்குகளை விலைகொடுத்து வாங்குகிறான்.

நாகர்கோவிலில் கணினிமுன் அமர்ந்திருக்கும் இளைஞன் முதலில் செய்யவேண்டியது ஒரு குடத்தின் ஓசையைப் பதிவது. பின், தான் கையாள்வனவற்றைத் தாளக்கட்டு, துணுக்கு, சுழல் என்று தமிழில் வழங்குவது. இவற்றினும் நல்ல சொல் வேண்டுமாயின் அடுத்த கொடைக்குச் சென்று குடமடிப்பவரைக் கேட்கட்டும். விடியும்வரை அவர் வில்லின் அருகேதான் அமர்ந்திருப்பார்.