பணம் வந்தால் மட்டும் போதுமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா போகிறவர்களுக்கு அது ஜாலி. நடக்க முடியாத ஒருவருக்கு? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் சேலத்தில்தான் இருக்கிறது. ஒரு வேலையாக மலை இறங்கினால் துணைக்கு ஒருவர் வர வேண்டும். அவருடைய அன்றைய எஸ்டேட் கூலி போச்சு!

கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். இந்த உதவித்தொகை ஆறு நாள் கூலிக்குக்கூடக் காணாது.

தொகையை உயர்த்தக் கேட்பது நியாயம். அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வருகிற பணத்தை எப்படிச் செலவு செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்? பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருந்தால், பணம் வீட்டுச் செலவோடு கலந்துவிடும். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பதல்ல. யாருக்காகப் பணம் வந்ததோ அவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1990களின் கடைசியில் அர்கன்சாஸ், நியூ ஜெர்சி, புளோரிடா மாநிலங்களில் 'கேஷ் அண்ட் கவுன்சலிங்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பணம் பயனாளி கையில். உதவியாளரை அவரே தேர்ந்தெடுக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம். செலவுத் திட்டம் போட ஓர் ஆலோசகர் உதவுவார். சம்பளம், வரி, கணக்கு எல்லாவற்றையும் பார்க்கத் தனியாக ஓர் அமைப்பு. மோசடி பெருகும் என்று பயந்தார்கள். ஆய்வு செய்தபோது மோசடி மிகக் குறைவு, பயனாளிகளின் திருப்தி அதிகம் என்று தெரிந்தது.

இதன் ரகசியம் வணிகவியலில் படிக்கிற பாடம்தான்: பணத்தைக் கையாள்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆலோசனை சொல்பவர் கணக்கைத் தொடக் கூடாது. கணக்கு எழுதுபவர் "இதற்கு ஏன் செலவு செய்தாய்?" என்று அதட்டக் கூடாது. முடிவு பயனாளியுடையது.

நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாவலர், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். கணக்குக் கேட்கிறது சட்டம். எழுதுவதற்குத் துணை வேண்டாமா?

"2,000 ரூபாய்க்கு ஆலோசகர் ஒரு கேடா?" என்று சிலர் கேட்கலாம். லட்சம் இருப்பவன் ஆயிரத்தைத் தொலைத்தால் தாங்குவான். 2,000 ரூபாயில் வாழ்பவருக்கு 200 ரூபாயும் பெரிதுதான்.

பெரிய அலுவலகமெல்லாம் கட்ட வேண்டியதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களில் வரவு செலவு எழுதிப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்துக் கணக்கு வேலையை ஒப்படைக்கலாம். ஆலோசகர் மாதம் ஒருமுறை ஏற்காட்டுக்கே வரலாம். சேலத்திலிருந்து ஓர் ஆள் மலை ஏறுவது சுலபமா, மலையிலுள்ள அத்தனை பேரும் இறங்குவது சுலபமா? நீங்களே சொல்லுங்கள்.