வர்ணம் பின்னர், குழாய் முன்னர்

பழைய கார் வைத்திருப்போர் பலர் மேல் வர்ணத்தைக் கண்டு மகிழ்வர். அடியிலுள்ள துருவை நோக்கார். கொட்டாஞ்சேனையில் வீசும் கடற்காற்றோ அடியைத்தான் முதலில் அரிக்கும்.

1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தனிச் சேஸிஸ் இல்லை, உடலே எலும்பு. கதவுகளின் கீழுள்ள பெட்டிச் சட்டம் இற்றுப்போனால் வண்டியின் முதுகே வளையும். துருவின்மேல் தகடு ஒட்டுவது புண்ணை மூடிப் பொட்டிடுவது போலாம். நல்ல இரும்பு தோன்றும்வரை வெட்டி நீக்கியே புதுத் தகட்டை ஒட்டுதல் வேண்டும். வெட்டுமுன் அடியில் முட்டுக் கொடுத்து, கதவு வாயிலில் குறுக்குக் கம்பி பொருத்துக. இல்லையேல் பின்னர் கதவு மூடாது. 1990களில் இதன் தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பெற்று இங்கிலாந்துக்கும் சென்றன என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

வெல்டிங் முடிந்தபின்பே பிறேக் குழாய்களை மாற்றுக. பிறேக் ஓயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆதலால் உருக்குக் குழாய் உள்ளும் புறமும் துருவேறும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய்க்கு அந்நோய் இல்லை. பஞ்சிகாவத்தைக் கடைகளில் விசாரியுங்கள். பொருத்தியபின், மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றுக.

இக்காரின் நான்கு சக்கரங்களுக்கும் ஓயில் வழி ஒன்றே. ஓரிடம் கசிந்தால் நான்கும் கைவிடும். எஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு எது முதற் செலவு என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.