சேறு எங்கிருந்து வருகிறது?



பெருமழை ஓய்ந்த மறுநாள் ரிங்லெட் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் போல இருக்கும். அவ்வளவும் நம் மலைகளிலிருந்து கரைந்து வந்த மண்.

அதைச் சுமந்து வருவது பெர்தாம் ஆறு. பிரிஞ்சாங் பக்கத்து மலைகளில் பிறந்து, தானா ராத்தா பட்டணத்தைக் கடந்து, ராபின்சன் அருவியாக விழுந்து, ஹாபு வழியாக ஏரியை அடைகிறது. 1963-இல் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணை அதைத் தேக்குகிறது. அந்த நீர் சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. கூடவே வந்த சேறும் குப்பையும் ஏரியிலேயே தங்கிவிடுகின்றன.

சேறு நிறைந்த ஏரியில் மழைநீருக்கு இடம் குறைவு. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி, நள்ளிரவுக்குப் பின், கனமழையால் ஏரி நிரம்பி அணையின் கதவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று. அணைக்குக் கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றின் கரையை ஒட்டி வீடுகளும் கொல்லைகளும் நெருங்கியிருந்தன. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மேல் சேற்று வெள்ளம் பாய்ந்தது. உயிர்கள் போயின; வீடுகள் போயின.

இயந்திரம் வைத்துச் சேற்றை வாரத்தான் செய்கிறார்கள். ஆனால் மேலே மலை மொட்டையாகக் கிடந்தால், வாரிய இடத்தை அடுத்த மழை நிரப்பிவிடும். ஓட்டைப் பானையை அடைக்காமல் தரையைத் துடைத்து என்ன பயன்?

நன்றாக மூடி வளர்ந்த தேயிலைச் செடி மழைத்துளியின் வேகத்தைத் தடுக்கிறது. அதன் வேர் மண்ணைப் பிடிக்கிறது. கவ்வாத்து வெட்டிய கிளைகளை நிரையிலேயே விட்டால் அதுவும் மண்ணுக்குப் போர்வை. புதிதாக வெட்டித் திறந்த சரிவிலும், அறுவடைக்குப் பின் வெறுமனே கிடக்கும் காய்கறிப் பாத்தியிலும் இந்தக் காவல் கிடையாது. ஆகவே, ஆற்றுக்கு மருந்து முதலில் மலையில்தான் போட வேண்டும். ரீச் என்னும் உள்ளூர் அமைப்பு 2001 முதல் இங்கே சுற்றுச்சூழலுக்காக உழைத்து வருகிறது. மொட்டையான இடங்களில் காட்டு மரங்களை நட்டிருக்கிறது.

நம் கைக்கு எட்டிய வேலைகளும் உண்டு:

1. வீட்டுப் பின்புறப் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். பயிர் இல்லாத நாளில் புல்லோ இலைதழையோ பரப்பி வையுங்கள்.

2. குப்பையையும் உரச்சாக்கையும் காணில் தள்ளாதீர்கள். அடைத்த காணின் தண்ணீர் புதுவழி தேடி மண்ணை அறுக்கும்.

3. ஆற்றோரச் செடிகளைச் சுத்தம் என்ற பெயரில் வெட்டாதீர்கள். கரையைக் காப்பது அந்த வேர்களே.

4. மழைக்குப் பின், வீட்டருகே ஓடும் காண் நீரைப் பிள்ளைகள் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒருநாள் வைக்கட்டும். அடியில் படியும் மண்ணை அளந்து நோட்டில் குறிக்கட்டும். மாதாமாதம் அது கூடினால், மேலே எங்கோ மண் சரிகிறது என்று பொருள். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

மேட்டில் இருக்கும் நாம் விடும் மண், பள்ளத்தில் இருப்பவரின் வாசலில்தான் போய் நிற்கும். அவர்களும் நம்மைப் போல் உழைத்துக் களைத்து உறங்குகிறவர்கள்தாம்.