காருக்குள் ஷூ மாற்றிய சாம்பியன்

ஆல்தியா கிப்சன் என்றாலே நாம் ஒரே படத்தைத்தான் பகிர்கிறோம். 1957, விம்பிள்டன், எலிசபெத் ராணியின் கையிலிருந்து கோப்பை வாங்கும் கறுப்பினப் பெண். நல்ல படம்தான். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை யார் பகிர்வது?

தெற்கு கரோலினாவில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் 1927இல் பிறந்தவர். நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் ஆடப் பழகியவர். கறுப்பினத்தவர் தங்களுக்கென நடத்திய தேசியப் போட்டியில் 1947, 48, 49 என மூன்று ஆண்டும் வென்றார். ஆனாலும் அமெரிக்க தேசியப் போட்டிக்குள் அவரை விடவில்லை. தடை என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. தகுதிபெற ஆட வேண்டிய போட்டிகளை வெள்ளையர் கிளப்புகள் நடத்தின, அழைப்பு அவர்கள் கையில் இருந்தது, அவ்வளவுதான். 'தகுதி' என்ற சொல் இப்படி வேலை செய்வது நமக்குப் புதிதா என்ன? முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளைப் பெண் பத்திரிகையில் கண்டித்து எழுதிய பிறகே, 1950இல் கதவு திறந்தது.

பிறகு 11 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். பரிசுத்தொகை? கிடையாது. அன்றைய டென்னிஸ் அப்படி. நியூயார்க் அவருக்கு ஊர்வலம் நடத்தியது. ஊர்வலத்தை வைத்து வாடகை கட்ட முடியாது.

1964இல், 37 வயதில், பெண்கள் தொழில்முறை கோல்ஃபில் நுழைந்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். ராணியோடு கைகுலுக்கி ஏழே ஆண்டுகள். ஓட்டல்கள் அறை தர மறுத்தன. சில கிளப்புகள் மைதானத்தில் ஆட விட்டன, கட்டடத்துக்குள் விடவில்லை. காருக்குள் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொண்டார். பூனாவில் பல்வங்கர் பாலுவைப் பந்து வீச அழைத்தவர்கள் தேநீரை மட்டும் வெளியே, தனிக் குவளையில் கொடுத்தார்கள் அல்லவா, அதேதான். இத்தனைக்கும் நடுவே 1970இல் ஒரு போட்டியில் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

தன்னைப் போராளி என்று சொல்லிக்கொள்ள அவர் விரும்பவில்லை. கறுப்பினப் பத்திரிகைகளே அதற்காகக் கடிந்தன. நாமும் நம் வீராங்கனைகளிடம் 'ஏன் குரல் கொடுக்கவில்லை' என்று கேட்கிறோம். 'சாப்பிட்டாயா' என்று கேட்பதில்லை.

1990களில் நோயும் வறுமையும் அவரை முடக்கின. மருந்துக்கும் வாடகைக்கும் பணமில்லை. கைகொடுத்தவர் ஆஞ்சலா பக்ஸ்டன், 1956இல் அவரோடு சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற யூதப் பெண். அவர்தான் ஊரெல்லாம் கேட்டுப் பணம் திரட்டினார். 2003இல் ஆல்தியா இறந்தார். அமெரிக்க ஓபன் நடக்கும் இடத்தில் சிலை 2019இல் வந்தது.

மாநிலப் போட்டியில் வென்று வரும் நம் பிள்ளைகளுக்கு நாமும் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த முறை அந்தக் காசை அவர்கள் பயணச் செலவுக்கும் ஷூவுக்கும் கொடுத்துவிடுவோமா, தோழர்களே?