பத்தமடை பாய் விற்பனைக் கடையை மீண்டும் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர், கோரைப்பாய் நெய்வோர் சங்கம்,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
கைவினைப் பொருள் விற்பனைக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: பத்தமடையில் மூடப்பட்ட அரசு சார்ந்த கைவினைப் பொருள் விற்பனைக் கடை – மீண்டும் திறக்கவும், மூடியதற்கான காரணத்தை எழுத்தில் தரவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இதே பொருளில் சங்கம் அளித்த முந்தைய மனுக்கள். 2. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பத்தமடையிலும் சுற்றுப்புறத்திலும் கோரைப்பாய் நெய்து பிழைக்கும் குடும்பங்களின் சார்பில், அவர்களில் பெரும்பான்மையினரான பெண்களின் சார்பில், இம்மனு அளிக்கப்படுகிறது.

முந்தைய மனுக்களில் எழுதியதையே மறுபடியும் எழுதுகிறோம். அவற்றில் எதற்கும் பதில் வரவில்லை. அவை படிக்கப்பட்டனவா, கோப்பில் சேர்க்கப்பட்டனவா என்பதும் தெரியவில்லை. ஆகவே, இந்த விஷயத்தை முதன்முதலாகக் கேட்கும் ஒருவருக்குச் சொல்வதாகவே எண்ணித் தொடக்கத்திலிருந்து சொல்கிறோம்.

கடை பூட்டப்பட்ட வாரத்திலேயே முதல் மனுவைக் கொடுத்தோம். கதவில் அறிவிப்பு எதுவும் ஒட்டப்படவில்லை. விற்பனைக்குக் கொடுத்த எங்கள் பாய்கள் உள்ளேயே இருந்தன. எப்போது திறப்பீர்கள் என்று மட்டும் அதில் கேட்டிருந்தோம். அடுத்த மனுவில், கடை மூடியதால் எந்த ரகத்தின் நெசவு நின்றுபோனது, எந்தெந்த வேலை கைவிட்டுப் போனது என்று விவரமாக எழுதினோம். அதற்கடுத்த மனுவில், ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்றால் எங்கள் உறுப்பினர்களே முறைவைத்துக் கடையில் உட்காருவார்கள், அதற்குச் சம்பளம் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். கடைசி மனுவில், கடை மூடிய காரணத்தை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் போதும் என்று கேட்டோம். ஒவ்வொரு மனுவிலும் எங்கள் கோரிக்கையை நாங்களே குறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். இனிக் குறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால் இந்த மனுவில் முழுக் கோரிக்கையையும் வைக்கிறோம்.

கோரிக்கை 1: கடையை மீண்டும் திறக்க வேண்டும். மூடியதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

அந்தக் கடை பெரிய கட்டடம் இல்லை. முன்னறையில் பாய்கள் தொங்கும். பின்னறையில் கணக்குப் புத்தகமும் ஒரு மேசையும் இருக்கும். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். விற்பனைக் கணக்கை மட்டும் புரட்டுகிறவருக்கு அது ஒரு சின்னக் கடையாகத்தான் தெரியும். அங்கே நடந்த வேலை அந்தக் கணக்கில் ஏறியதே இல்லை. அதனால் அதை இங்கே எழுதுகிறோம்.

சாதாரணப் பாயை எங்கேயும் விற்றுவிடலாம். விசைத்தறியில் நைலான் நூல் பாவு ஓட்டி நெய்த கோரைப்பாயும், பிளாஸ்டிக் பாயும் சந்தைக்கு வந்த பிறகு அதன் விலை விழுந்துவிட்டது என்றாலும், வாங்க ஆள் இருக்கிறது. நூறு பாவுக்கு மேல் ஓடும் மெல்லிய ரகத்தின் கதை வேறு. அதற்குப் பச்சைக் கோரையை அறுத்துக் கீறிக் காயவைக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறிப் பருத்ததைத் திரும்பவும் காயவைத்துச் சன்னமாகக் கிழிக்க வேண்டும். சாயம் ஏற்ற வேண்டும். பிறகு தரையோடு தரையாகக் கட்டிய தறியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோரையாகக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்த வேண்டும். ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். மழை பிடித்துக்கொண்டால் இன்னும் தள்ளிப்போகும். இப்படிப்பட்ட பாயை வாங்க ஆள் வரட்டும் என்று நெய்து அடுக்கிவைக்க எந்த வீட்டிலும் பணம் இல்லை. முன்பணத்தோடு ஆர்டர் வந்தால்தான் இந்த ரகம் தறியில் ஏறும். அந்த ஆர்டர் வந்த இடம் கடை.

ஆர்டரில் பெரும்பகுதி கல்யாணப் பாய். மணமக்களின் பெயரையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கும் நெல்லைக்காரர்கள் ஊருக்கு வரும்போது முதல் வேலையாக வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். எந்தச் சீட்டை யாரிடம் கொடுப்பது என்பதைக் கடையில் இருந்தவர் அறிவார். பாயில் எழுத்தை நெய்வது தனி வித்தை. எத்தனையாவது பாவில் நிறக் கோரை மேலே தெரிய வேண்டும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். நேர்கோட்டில் ஓடும் நெசவில் தமிழ் எழுத்தின் சுழிகளைக் கொண்டுவருவது எளிதல்ல. ஊரில் எல்லோருக்கும் அது வராது. வரும் கைகளைத் தெரிந்துவைத்திருந்த ஒரே இடம் மூடிக்கிடக்கிறது.

அந்தக் கைகள் அடுத்த தலைமுறைக்குப் போனதும் அங்கேதான். பாய் கொடுக்க வரும் பெண்கள் தங்கள் பாயைச் சுவரில் தொங்கும் பாயோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். கரை கோணியிருக்கிறது, சாயம் ஒருபக்கம் வெளுத்திருக்கிறது, இந்த இடத்தில் கோரையை மாற்றியிருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூட வந்த மகளும் மருமகளும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். பயிற்சி முகாம்கள் நடக்கின்றன, அவற்றை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் முகாம் முடிந்தால் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். கடை ஆண்டு முழுக்க இருந்தது.

மூடிய பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். இப்போது வியாபாரி வீட்டு வாசலுக்கே வருகிறார். பக்கத்து வீட்டுப் பாய்க்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பது நெய்தவளுக்குத் தெரியாது. கடையில் பாவுக் கணக்கும் நீளமும் வைத்து விலை குறித்திருந்தார்கள். அது ஊருக்கே தெரிந்த விலை. வாசலுக்கு வரும் வியாபாரியும் அந்த விலையை மனத்தில் வைத்துத்தான் பேசினார். கணவரை இழந்த பெண்கள், வெளியூர் போய்ப் பேரம் பேச வழியில்லாத பெண்கள் யாரிடமும் கெஞ்சாமல் கடைக்கு நடந்துபோய்ப் பாயைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கி வந்தார்கள். அவர்களில் பலர் இப்போது வியாபாரி கேட்கிற மலிவு ரகத்தையே நெய்கிறார்கள். மெல்லிய ரகப் பாவு பல வீடுகளில் சுருட்டி வைக்கப்பட்டுவிட்டது. இந்த நிலை இன்னும் சில ஆண்டுகள் நீடித்தால் பத்தமடைப் பாய் என்று நீங்கள் பெருமையோடு சொல்லும் பொருளை நெய்யத் தெரிந்தவர் இருக்கமாட்டார். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இவ்வளவு பெரிய விளைவு கொண்ட முடிவுக்கு என்ன காரணம் என்று நேரில் கேட்டபோது ஒருவர் விற்பனை குறைந்துவிட்டது என்றார். இன்னொருவர் கட்டடம் பழுது என்றார். மற்றொருவர் ஆள் போட முடியவில்லை என்றார். கடை மூடப்படவே இல்லை, தற்காலிகமாக இயங்கவில்லை என்றும் ஒரு பதில் வந்தது. எதுவும் எழுத்தில் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. அதன் 4(1)(ஈ) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை அவற்றால் பாதிக்கப்படுவோருக்குத் தர வேண்டும் என்கிறது. 4(1)(இ) பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவை தொடர்பான எல்லா விவரங்களையும் வெளியிட வேண்டும் என்கிறது. அரசு நிதியில், அரசு மேற்பார்வையில் நடந்த கடை இது. மூடியது நிர்வாக முடிவு. பாதிக்கப்பட்டோர் நாங்கள். இந்த மூன்றில் எதை மறுக்கிறீர்கள் என்று கேட்கிறோம்.

விண்ணப்பம் போட்டால் தகவல் தருவோம் என்று சொல்லப்பட்டது. அது பிரிவு 6-இன் கீழ் வரும் வழி. பிரிவு 4 வேறு. அது யாரும் கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டிய கடமை. மக்கள் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தித் தகவல் கேட்க வேண்டிய தேவையே மிகக் குறைவாக இருக்கும்படி, அமைப்புகள் தாமாகவே தகவல்களைத் தந்துவர வேண்டும் என்று 4(2) சொல்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம் எங்களுக்குப் பெரிதல்ல. ஆனால் எங்களுக்குத் தானாகவே வந்துசேர வேண்டிய ஒன்றை விலை கொடுத்துக் கேட்கச் சொல்வதை ஏற்க மாட்டோம்.

காரணத்தை எழுத்தில் கேட்பது வீம்புக்காக அல்ல. ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. கட்டடம் பழுது என்றால் அதைச் சரிசெய்யும் வரை ஊரிலேயே வேறு அறை பார்த்துத் தர நாங்கள் தயார். ஆள் இல்லை என்றால், முறைவைத்து உட்காருகிறோம் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறோம். விற்பனை குறைவு என்றால் கணக்கைக் காட்டுங்கள். கடைசிக் காலத்தில் கல்யாண ஆர்டர் வாங்குவது நிறுத்தப்பட்டிருந்தது. விற்பனை குறைந்ததில் அதற்கு எவ்வளவு பங்கு என்று சேர்ந்து பார்ப்போம். தற்காலிகம் என்றால் திறக்கும் தேதியைச் சொல்லுங்கள். காரணம் தெரியாதவரை நாங்கள் எதற்கு வழி தேடுவது?

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைத்த அந்தப் பாதுகாப்பு ஊரின் பெயருக்கான பாதுகாப்பு. போலி எது, அசல் எது என்று வாங்குகிறவர் நம்பிப் பார்க்க ஊருக்குள் ஓர் இடம் இருந்தால்தான் அந்தப் பெயருக்குப் பயன். மத்திய அரசு 2023-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பாய் பின்னுவோரும் உண்டு. அதில் 5 சதவீத வட்டியில் இரண்டு தவணையாக 3 லட்சம் ரூபாய் வரை கடன். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்திலும் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீத மானியமும் உண்டு. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் கடன் வாங்கி நெய்த பாயை எங்கே விற்பது? விற்க இடமில்லாதவருக்குக் கொடுக்கும் கடன் அவர் தலையில்தான் ஏறும். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடையிலிருந்து பாய் போனது என்பதை விழா மேடைகளில் அலுவலர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படிப் பெருமையாகச் சொல்லப்படும் பாயை விற்க ஓர் அறையைத் திறந்துவைக்கக் கேட்பது அதிகமில்லை.

துறையால் கடையை நடத்தவே முடியாது என்பது முடிவானால், சாவியை எங்கள் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டுகிறோம். அதே விலைப் பட்டியல், அதே கணக்கு முறை, உங்கள் தணிக்கைக்கு உட்பட்டு நடத்த எழுத்தில் உறுதி தருகிறோம்.

கோரிக்கை 2: கடையில் விற்பனைக்கு ஒப்படைக்கப்பட்டுப் பூட்டிய அறையில் உள்ள பாய்களை, ஈரத்தாலும் பூச்சியாலும் கெடுவதற்குள், இரசீதின்படி உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும். விற்றுப்போன பாய்களுக்கான நிலுவைத் தொகையையும் வழங்க வேண்டும்.

கோரிக்கை 3: கடையில் இருந்த ஆர்டர் புத்தகத்தையும், சுவரில் தொங்கிய மாதிரிப் பாய்களையும் பத்திரப்படுத்திப் பட்டியலிட்டு, பட்டியலின் நகலைச் சங்கத்துக்கு அளிக்க வேண்டும்.

கோரிக்கை 4: புவிசார் குறியீட்டுப் பதிவு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதால், அதன் தற்போதைய நிலையையும், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக நெசவாளர்கள் பதிவுசெய்வதற்கான வழிமுறையையும் தெரிவிக்க வேண்டும்.

கோரிக்கை 5: கைவினைஞர் அடையாள அட்டை பெறாத உறுப்பினர்களுக்காகப் பத்தமடையிலேயே முகாம் நடத்த வேண்டும்.

கோரிக்கை 6: கோரை ஊறப்போடும் படித்துறைகளைச் சீரமைத்து, அங்கே கழிவு கொட்டுவதைத் தடுக்க உரிய அமைப்புக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

கோரிக்கை 7: அம்பாசமுத்திரம் சாலையில் பாய் நெசவு ஊர் என்பதைக் குறிக்கும் வழிகாட்டிப் பலகை வைக்க ஆவன செய்ய வேண்டும்.

கோரிக்கை 2 முதல் 7 வரை உள்ளவற்றை உங்கள் வசதிப்படி ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம். அவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்துவிட்டு, இம்மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கோப்பை முடித்துவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். முதல் கோரிக்கைக்கான பதில் 30 நாட்களுக்குள் எழுத்தில், கையொப்பமும் தேதியும் இட்டு, சங்கத்தின் முகவரிக்கு வந்துசேர வேண்டும். தொலைபேசியிலோ நேரிலோ சொல்லப்படும் விளக்கத்தை இனிப் பதிலாக ஏற்க மாட்டோம். அதற்குள் பதில் வராவிட்டால் பிரிவு 4 மீறப்பட்டதாக மாநிலத் தகவல் ஆணையத்திடம் முறையிடுவது எனச் சங்கத்தின் பொதுக்குழு தீர்மானித்துள்ளது. தீர்மானத்தின் நகலும் முந்தைய மனுக்களின் நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்
(பொதுக்குழுவின் ஒப்புதலுடன்)